கெத்தும் தண்ணியும் நம்ம தம்பிங்களும்



"கெத்தும் வலிக்கு நல்லது, மூளைக்கும் ஆபத்தில்ல, யூஎஸ்எம்மே சொல்லிருச்சு"ன்னு கோயில் சேவைக்கு வர்ற தம்பிங்க சிலர் சொல்றாங்க. பாதிதான் உண்மை.

2020 ஆய்வில் 26 ஆண்கள் ஐஸ் தண்ணியில் கை வைத்தார்கள். சராசரி 11 விநாடி வலி தாங்கியவர்கள், கெத்தும் குடித்து ஒரு மணி நேரத்தில் 25 விநாடி தாங்கினார்கள். எல்லாரும் ஏற்கெனவே குடிப்பவர்கள்.

அதே யூஎஸ்எம் வடமாநிலங்களில் 293 பேரை ஆராய்ந்ததில், பாதிக்கு மேல் கடுமையாக அடிமையானவர்கள். மித்ராஜினைன் வேலை செய்றதே மூளையிலதான். குடிக்காத நாளில் தூக்கம் போகுதே, எரிச்சல் வருதே, அது எதனாலயாம்?

பிடிபட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், 4 வருஷம் வரை சிறை.

முதுகு வலியா? அரசாங்க கிளினிக்குக்குப் போங்க தம்பி. 1 வெள்ளிதான்.