பொற்காலம் எவருடையது? திருமலை நிர்வாக அதிகாரிகளைப் பற்றிய ஒரு தீராத வழக்கு

2025 செப்டம்பரில் அனில்குமார் சிங்கால் இரண்டாம் முறையாகத் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாக அதிகாரியாக நியமிக்கப்பட்டதும், திருப்பதித் தேநீர்க் கடைகளிலும் சித்தூர்ப் பேருந்துகளிலும் பழைய வழக்கொன்று மறுவிசாரணைக்கு வந்தது. இதுவரை அப்பதவியை வகித்தோருள் சிறந்தவர் யார்? எவருடைய காலம் பொற்காலம்? எவர் வந்து கெடுத்தார்? கிரிக்கெட் அணித்தலைவர்களை ஒப்பிடும் அதே ஆவேசத்துடன் பக்தர்கள் ஆட்சிப் பணி அதிகாரிகளை ஒப்பிடும் ஊர் இந்தியாவில் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே.

இவ்வழக்கில் முதலிடம் பெரும்பாலும் பி.வி.ஆர்.கே. பிரசாத்துக்கே கிடைக்கிறது. 1978 முதல் 1982 வரை பதவியில் இருந்தவர். அன்னமாச்சார்யா திட்டம், வரிசை காத்திருப்பு வளாகம் என்னும் சிந்தனை, எம்.எஸ். சுப்புலட்சுமியின் பாலாஜி பஞ்சரத்னமாலை ஒலிப்பதிவு ஆகியவை அவர் கணக்கில் வரவு வைக்கப்படுகின்றன. அவர் திறமையாளர் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆயினும் அவர் பெயர் இத்துணை நிலைத்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு: அவர் எழுதினார். அவருடைய நினைவுக்குறிப்பைப் படித்தவர்கள் அக்காலத் திருமலையை அவர் கண்கொண்டே காண்கின்றனர். 'நாஹம் கர்த்தா, ஹரி: கர்த்தா', அதாவது செய்பவன் நானல்லன், ஹரியே என்று சொல்லும் நூல், படிப்போர் மனத்தில் பிரசாத்தையே கர்த்தாவாக நிறுத்திவிட்டது. நூல் எழுதாத அதிகாரிகள் கோப்புகளோடு மறைந்துபோயினர்.

அமெரிக்காவின் பேஸ்பால் ரசிகர்களிடமும் இதே வழக்கு உண்டு. பாஸ்டன் அணி 86 ஆண்டுகளுக்குப் பின் 2004இல் கோப்பையை வென்றபோது, பொது மேலாளர் தியோ எப்ஸ்டைன் நகரின் நாயகரானார். ஆனால் அவ்வெற்றியின் தூண்களான பெட்ரோ மார்டினெஸையும் மேனி ராமிரெஸையும் அணிக்குக் கொண்டுவந்தவர் அவருக்கு முன்பிருந்து பதவி நீக்கப்பட்ட டான் டுக்கெட். நட்டவர் ஒருவர், அறுத்தவர் மற்றொருவர். அங்கே ரசிகர்கள் இதைப் புள்ளிவிவரத்தோடு வாதாடுகிறார்கள். இங்கே அந்தப் பொறுமை குறைவு.

அன்னமாச்சார்யா திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கோயிலுக்குள் சேமித்து வைக்கப்பட்டிருந்த செப்பேடுகளை வெளிக்கொணர்ந்து, படியெடுத்து, பதிப்பித்து, இசையமைத்த உழைப்பு சாது சுப்பிரமணிய சாஸ்திரி, வேட்டூரி பிரபாகர சாஸ்திரி, ராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மா ஆகியோருடையது. அது 1978க்குப் பல பத்தாண்டுகள் முந்தையது. அதே சுப்பிரமணிய சாஸ்திரிதான் பெரும்பகுதி தமிழில் அமைந்த திருமலைக் கல்வெட்டுகளையும் ஆராய்ந்தவர். பொற்காலம் பற்றிய விவாதத்தில் இந்த அறிஞர்களின் பெயர் எழுவதே இல்லை. அவர்கள் அதிகாரிகள் அல்லர் அல்லவா!

அன்னதானத்தின் கதையும் வேறல்ல. 1985இல் தொடங்கப்பட்ட அத்திட்டம் என்றால் முதலமைச்சர் என்.டி. ராமராவின் பெயர் உடனே வரும். அப்போது நிர்வாக அதிகாரி யார் என்று கேட்டால் தீவிர வழக்காடிகளும் சற்றுத் தடுமாறுவார்கள்.

பழி போடுவதிலும் இதே குழப்பம். 15ஆம் நூற்றாண்டின் ஆயிரங்கால் மண்டபம் 2003இல் இடிக்கப்பட்டது; அந்த வடு இன்னும் ஆறவில்லை. ஆனந்த நிலையத்துக்குப் பொற்றகடு வேயும் திட்டம் பின்னாளில் நீதிமன்றத்தால் நிறுத்தப்பட்டது. இம்முடிவுகளில் அதிகாரியின் பங்கு எவ்வளவு, அரசு நியமிக்கும் அறங்காவலர் குழுவின் பங்கு எவ்வளவு, குழுவுக்குப் பின்னால் நிற்கும் முதலமைச்சரின் விருப்பம் எவ்வளவு என்று பிரித்தறிய எவரும் முயல்வதில்லை. பெரும்பாலும் அரசு மாறினால் குழு மாறுகிறது, அதிகாரியும் மாறுகிறார்.

அளவுகோல்களோ இன்னும் விந்தை. 2017இல் சிங்கால் முதன்முறை வந்தபோது, அவர் வடநாட்டவர் என்பதே குற்றச்சாட்டாயிற்று. அன்று அதைக் கேள்விக்குள்ளாக்கியவர்களுள் ஒருவரான பவன் கல்யாண் துணை முதல்வராக இருக்கும் அரசுதான் அவரை மீண்டும் அழைத்திருக்கிறது. மொழியையும் சாதியையும் கட்சியையும் வைத்து எழுதப்படும் மதிப்பெண் பட்டியல் எவ்வளவு விரைவில் செல்லாக்காசாகிறது என்பதற்கு இது போதும்.

சித்தூர்ப் பகுதியின் தமிழ்க் குடும்பங்கள் இவ்விவாதத்தில் சற்றே விலகி நிற்கின்றன. 1960இல் திருத்தணி தமிழகத்துக்குச் சென்றது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. இவர்கள் கேட்பது எளியது: புரட்டாசிச் சனிக்கிழமையில் கைக்குழந்தையோடும் முதியவரோடும் வந்தால் எத்தனை மணிநேரம் நிற்க வேண்டும்? கூர்ந்து நோக்கின், அதிகாரிகளை எடைபோட இதைவிட நேர்மையான அளவுகோல் கிடைப்பது அரிது. சட்டமன்ற உறுப்பினரின் சிபாரிசுக் கடிதம் இல்லாதவர், 2019இல் வந்த ஸ்ரீவாணி அறக்கட்டளைக்குப் 10,000 ரூபாய் நன்கொடை அளித்து பிரேக் தரிசனம் பெற இயலாதவர், இலவச தரிசன வரிசையில் என்ன பெற்றார் என்பதே கேள்வி. அவ்வகையில் காத்திருப்பு வளாகம் இருமுனைக் கத்தி. நெரிசலில் நசுங்கியவர்களுக்குக் கூரையும் பாலும் உணவும் கிடைத்தன. அதே வேளையில், பல மணிநேரம் அடைபட்டிருப்பது இயல்பு என்ற எண்ணமும் வேரூன்றிவிட்டது.

இந்த அளவுகோலும் தனிமனிதர் பெயரோடு எளிதில் பொருந்துவதில்லை. வைகுண்ட வாசல் இரண்டு நாள் மட்டுமே திறந்திருந்த வழக்கம் 2020 டிசம்பரில் பத்து நாளாக விரிவாக்கப்பட்டது. 2025 ஜனவரி 8 அன்று, அந்தத் தரிசனத்துக்கான டோக்கன் பெறத் திருப்பதியில் திரண்ட கூட்டத்தில் 6 பேர் உயிரிழந்தனர். தமிழகத்தைச் சேர்ந்தவரும் அவர்களுள் அடக்கம். பத்து நாள் ஏற்பாடு வந்தபோது பதவியிலிருந்தவர் ஒருவர். மரணம் நிகழ்ந்தபோது இருந்தவர் வேறொருவர். ஒவ்வொரு ஏற்பாடும் முந்தைய ஏற்பாட்டின் மேல் ஏற்றப்பட்டதே.

எனவே பக்தர்கள் கேட்கத்தக்கது ஆண்டுதோறும் வெளியாகும் ஓர் எளிய கணக்கு: இலவச வரிசையில் நின்றவரின் சராசரிக் காத்திருப்பு எவ்வளவு, நாளொன்றின் தரிசன நேரத்தில் சிபாரிசுக்கு ஒதுக்கப்பட்டது எவ்வளவு, அவ்விரண்டும் முந்தைய ஆண்டைவிடக் கூடினவா குறைந்தனவா. உண்டியல் வருமானம் நாள்தோறும் அறிவிக்கப்படுகிறது. இதையும் அதே பலகையில் எழுத முடியும்.