கூட்டிசையும் திரைப்படமும்

திருமுறைப் பாடல்களைத் திரைப்படத்திற் புகுத்துதல் தகுமா என்னும் வினா நம் இலக்கிய வட்டங்களில் இடையிடையே எழுகின்றது. தகாது என்போரே பலர். அவருட் பெரும்பாலார் என் நண்பர். சிலர் எனக்கு ஆசிரியர் முறையினர். ஆயினும் இவ்விடயத்தில் அவரோடு உடன்பட என்னால் இயலவில்லை. கோயிலுக்கும் ஓதுவார் நாவுக்கும் உரியதைக் கொட்டகைக்குக் கொண்டுசெல்லல் இழிவு என்பது அவர் கூற்று. ஒரு பாட்டுத் தான் பிறந்த இடத்தை விட்டு வேறிடம் புகுதல் குற்றமாயின், அக்குற்றத்தை என்றோ செய்துவிட்டவர் யாழ்ப்பாணத்துச் சைவராகிய நாமே என்பதை அவர் எண்ணிப் பார்த்திலர்.

திருப்பொற்சுண்ணத்தை எடுத்துக்கொள்வோம். திருவாசகத்தின் ஒன்பதாம் பகுதியாய் 20 பாடல்களால் அமைந்தது அது. தில்லையில் அருளிச் செய்யப்பெற்றது என்பர். இறைவன் நீராடுதற்கு வேண்டிய நறுஞ்சுண்ணத்தை மகளிர் பலர் கூடி இடிக்கின்றனர். இடிக்கும்போதே ஒருவரை ஒருவர் அழைத்தும் ஏவியும் பாடுகின்றனர். இழவின் சாயல் அதில் ஓரிடத்தும் இல்லை; முற்றும் மங்கலமான தொழிற்பாட்டு. அதனை எடுத்து நம் முன்னோர் செத்தவீட்டில் வைத்தனர். கிரியை நடக்கும் பந்தலில் உரலை வைத்து, உரிமையுடையோர் உலக்கை பிடித்துச் சுண்ணம் இடிக்க, கூடியிருப்போர் பாடுகின்றனர். இறந்தவரும் இறைவனைப் போல நீராட்டுக்கு உரியராகிவிட்டார் என்று கருதினரோ, அழுகைக்கு ஒரு தாளம் வேண்டும் என்று கருதினரோ, யாது கருதினும், உலகின் சிறந்த நெறியாளர் எவரும் நாணத்தக்க துணிவான சேர்க்கை அது.

அச்சேர்க்கை பழுதுபடாமைக்குக் காரணம் யாது? பாட்டு முழுமையாகப் பாடப்பட்டது. பலர் வாயாற் பாடப்பட்டது. இடித்தல் என்னும் தொழில் பாட்டோடு கூடவே சென்றது. சொல்லும் வாயும் தொழிலும் பிரியவில்லை. இடம் மட்டுமே மாறியது. திரைப்படத்தின்மேல் எனக்கு வழக்கு உண்டாயின் அஃது இடத்தைப் பற்றியதன்று, இம்மூன்றையும் பற்றியது.

கூடிப் பாடுதல் மேனாட்டாருக்கே உரியது என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். ஆய்ச்சியர் குரவையில் மகளிர் எழுவர் குரல் முதல் தாரம் ஈறாகிய ஏழு சுரங்களின் பெயரையும் தாங்கி வட்டமாய்க் கைகோத்து ஆடிப் பாடுவதை இளங்கோவடிகள் காட்டவில்லையா? திருச்சாழலில் ஒரு சாரார் இறைவனை ஏளனம் செய்ய, மறுசாரார் விடை இறுக்கின்றனர். இரு பகுதியாய் நின்று பாடுதற்கு இதனினும் சிறந்த அமைப்பு எங்கே உளது? தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு, திருப்பதியம் விண்ணப்பம் செய்தற்கென இராசராசன் 48 பேரை நியமித்தமையைக் கூறுகின்றது. உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர். ஆக 50 பேர். ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் மூன்று குறுணி நெல். இதனைக் கூட்டிசை என்னாது வேறு என்னென்பது?

இனி, இவ்வளவையும் வைத்துக்கொண்டு தமிழ்த் திரைப்படம் செய்தது யாது? பல்லாண்டுகளாகப் பக்திப் பாடலைத் தனிக்குரலுக்கே அது உரிமையாக்கிற்று. 1967இல் வெளிவந்த திருவருட்செல்வரில் சிவாசி கணேசன் அப்பரடிகளாகவே தோன்றினார். அந்நடிப்பைக் குறைகூற நான் துணியேன். எனினும் அடியவர் ஒருவர் பாட ஏனையோர் கேட்டு உருகுவதே பக்தி என்னும் எண்ணம் இத்தகைய படங்களாற் பரவிற்று. இதற்குப் படத்துறையினரை மட்டும் நோதல் நேர்மையாகாது. ஆய்ச்சியர் குரவையின் ஒரு பகுதியே எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் தனிக்குரலிற் கச்சேரிப் பாட்டாகித்தானே புகழ்பெற்றது! அதனை நானும் கேட்டு மெய்ம்மறந்ததுண்டு. ஆனால் ஏழு பெண்கள் அங்கே ஒருவராயினர்.

கூட்டுக்குரல் திரைக்கு வந்தபோதோ, பெரும்பாலும் வடமொழி பூண்டு வந்தது. 2009இல் வந்த நான் கடவுளின் ஓம் சிவோஹம் அவ்வகையது. கல்கியின் நாவலைத் தழுவி மணிரத்தினம் நெறிப்படுத்திய பொன்னியின் செல்வன் இரண்டாம் பாகம் 2023இல் வந்தது. ஏ. ஆர். ரகுமான் இசையில் ஆடவர் பலர் சேர்ந்து முழங்கும் சிவோஹம் அதில் உளது. ஆதிசங்கரர் பெயரால் வழங்கும் நிருவாண சட்கத்தினின்று எடுத்தது. வடமொழியோடு எனக்குப் பகை இல்லை. அதனைப் பயின்றே பண்டிதனானேன். காட்சிக்கு அது பொருந்தும் என்று வாதிடவும் இடமுண்டு. ஆனால் 48 பேரைத் திருப்பதியம் பாட வைத்தவனும், தில்லையிற் பூட்டிக்கிடந்த தேவார ஏடுகளை வெளிக்கொணர்ந்தவன் எனத் திருமுறை மரபு போற்றுபவனுமாகிய அரசனின் இளமைக் கதையில், சிவனைப் பற்றிய பெருமுழக்கம் தேவாரமாக அமையாமை எனக்கு வியப்பே.

காரணம் ஒன்று எனக்குப் புலப்படுகின்றது. பொருள் விளங்காமையே இங்கு வேண்டப்படுகின்றது. அச்சுலோகங்கள் ஆறும் மனம் நான் அல்லேன், புத்தி நான் அல்லேன் என ஒவ்வொன்றாய் நீக்கி அமைதிக்குச் செல்வன. அப்பாட்டைத் தாளம் போட்டுப் பாடிய என் மாணாக்கன் ஒருவனிடம் பொருள் வினவினேன். “சிவன் சண்டைக்கு வெளிக்கிடுறார், சேர்” என்றான். அவனைக் கடிந்து பயன் இல்லை. அவன் கேட்டதை அவன் சொன்னான்.

மேனாட்டுப் படங்களிலும் இந்நோய் உண்டு. செருமானியராகிய கார்ல் ஓர்ஃப் 1937இல் அரங்கேற்றிய கார்மினா புரானாவின் முதற் கூட்டுப்பாட்டு, பழைய இலத்தீன் ஏடொன்றிற் கண்டெடுத்தது. மதியைப் போல வளர்ந்தும் தேய்ந்தும் மாந்தரை அலைக்கழிக்கும் ஊழை நொந்து பாடுவது. திருக்குறளில் ஊழ் அதிகாரம் பயின்ற எவருக்கும் அதன் பொருள் உடனே விளங்கும். 1981இல் எக்ஸ்காலிபர் என்னும் படம் அதனைக் குதிரை வீரர் போருக்கு விரையும் காட்சியில் வைத்தது. அதன்பின் விளம்பரத்துக்கும் அச்சுறுத்தலுக்கும் அதுவே முழக்கமாயிற்று. நிலையாமையை நொந்த பாட்டு வெற்றி முரசாயிற்று.

ஆனால் நன்கு கையாண்டோரும் உளர். இத்தாலியராகிய பசோலினி 1961இல் எடுத்த அக்கத்தோனே என்னும் படத்தில் உரோமாபுரியின் ஏழைப் புறஞ்சேரியிலே இருவர் புழுதியிற் கட்டிப் புரண்டு சண்டையிடுகின்றனர். அப்போது ஒலிப்பது, பாக் அமைத்த மத்தேயுவின் திருப்பாடுகள் இசையின் இறுதிக் கூட்டுப்பாட்டு; இயேசுவின் கல்லறையருகே அமர்ந்து அழுவோர் பாடுவது. இழிந்தோர் எனப் பிறர் ஒதுக்கிய இருவருக்காக உலகமே கூடி அழுவதுபோல அது கேட்கின்றது. இடம் மாறிற்று, பொருள் மாறவில்லை, ஆழ்ந்தது. செத்தவீட்டுக்குச் சுண்ணப்பாட்டைக் கொண்டுவந்த நம் முன்னோரின் உள்ளமும் இத்தகையதே.

தமிழில் இது கூடாததன்று. புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவின் துணையோடு இளையராசா 2005இல் வெளியிட்ட திருவாசகத்தில் கூட்டுக்குரலுக்கும் இடமிருந்தது. நம் பண்ணிசையாளர் சிலர் முகஞ்சுளித்தனர், நான் சுளிக்கவில்லை. அது படத்துக்கென அமைந்ததன்று. 2016இல் தாரை தப்பட்டையில் மாணிக்கவாசகர் பாட்டொன்றை அவரே திரைக்குக் கொணர்ந்தார். ஆகவே வழி அடைபட்டிலது.

இதனை இத்துணை வற்புறுத்துதற்குக் காரணம் திரைப்படத்தின்மேல் உள்ள காதலன்று. அண்மைக் காலத்தில் நான் சென்ற செத்தவீடுகள் சிலவற்றில் திருப்பொற்சுண்ணத்தை ஒலிபெருக்கியே பாடிற்று. உலக்கை ஒரு தாளத்தில் இடித்தது. பதிவு வேறொரு தாளத்திற் சென்றது. கூடியிருந்தோர் வாய்மூடி இருந்தனர். பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் இருந்து கைப்பேசியிற் பார்த்தனர். பதிவிற் பாடிய குரல் இனிமையானதே. ஆனால் இறந்தவரை அக்குரலுக்குத் தெரியாது. திருவெம்பாவைக் காலத்து விடியற்காலையிற் சங்கும் சேமக்கலமுமாய்த் தெருவில் வரும் சிறுவர் கூட்டமும் நான் அறியச் சிறுத்துவிட்டது. வாய்கள் இவ்வாறு ஒவ்வொன்றாய் அடங்கும்போது, திருமுறை திரைக்கு வருதல் தகுமா என்று மண்டபத்தில் அமர்ந்து வாதிடுதல், வீடு வேகும்போது படலையின் பூட்டைத் தேடுவது போலும்.

இன்று யாழ்ப்பாணத்து இளைஞர் குறும்படங்களும் முழுநீளப் படங்களும் எடுக்கின்றனர். போரையும் பிரிவையும் சொல்வதனால் செத்தவீடு அவற்றில் எளிதில் இடம்பெறும். அவர்க்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. அக்காட்சிக்கு வயலினைத் தேடற்க. பொருள் விளங்காத முழக்கத்தையும் கடன் வாங்கற்க. யோகர் சுவாமிகள் வாழ்ந்ததும், கிறித்தவக் குருமடம் இருப்பதுமாகிய இக்கொழும்புத்துறையில் கூடிப் பாடுதல் எச்சமயத்தார்க்கும் புதிதன்று. 20 பாட்டையும் ஏடு பாராமற் பாடும் முதியோர் இங்கு இன்னும் இருக்கின்றனர். அவர் சுருதி சிறிது விலகும். மூச்சு வாங்க இடையில் நிற்பர். நின்றவர் விட்ட அடியை அருகிருப்பவர் எடுத்துக்கொள்வார். அதனைத் திருத்தாமற் பதிவு செய்க. உலக்கை விழும் ஒலியையும் உடன் சேர்த்தே பதிவு செய்க.