டேலி ஆயிடுச்சு, ஆனா தப்பு!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் படிப்பது பி.காம். இறுதியாண்டு. இன்ஜினியரிங் காலேஜ் வாசலைக்கூட கல்ச்சுரல்ஸ் பார்க்கத்தான் மிதித்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் கேட் மென்பொருள் பற்றி எழுதினால் வகுப்பில் என்ன நடக்கும் என்று தெரியும். (கேட் என்றதும் நுழைவுத் தேர்வோ, வீட்டு வாசல் கேட்டோ என்று நினைக்கிறவர்களுக்கு: கம்ப்யூட்டரில் இயந்திர பாகங்களை வடிவமைக்கும் மென்பொருள்.) ஆனால் 18,400 ரூபாய்க்கு வந்த ஒரு டெபிட் நோட்டை டேலியில் ஏற்றியவன் நான்தான். அது ஏன் வந்தது என்று தோண்டியதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

கோவை கணபதி பக்கம் சித்தப்பாவுக்கு ஒரு சின்ன வொர்க்‌ஷாப். சனிக்கிழமைகளில் போய் கணக்கு எழுதிக்கொடுப்பேன். பம்புக்கும் சின்ன மெஷின்களுக்கும் தேவையான வார்ப்பு பாகங்களை வெளி ஃபவுண்டரியில் ஊற்றி வாங்கி, கடைந்து, துளை போட்டு அனுப்புவது தொழில். டிசைன் பார்க்க ஒரு அக்கா இருக்கிறார். அவர் திரையில் ஒரு பாகத்தை இப்படியும் அப்படியும் திருப்புவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதுதான் சாலிட் மாடல். வெறும் கோட்டுப் படமில்லை. உள்ளே பருமன் உண்டு, எடை கேட்டால் சொல்லும், வெட்டினால் உள்பக்கம் தெரியும்.

இந்த சாலிட் மாடலைத் திருத்துவதற்கு இரண்டு வழி இருக்கிறது, இரண்டு கட்சியும் இருக்கிறது. ரஜினி - கமல் மாதிரி.

முதல் கட்சி, ஃபீச்சர் ட்ரீ கட்சி. 1980-களின் கடைசியில் வந்த ப்ரோ/இன்ஜினியர் இதைப் பிரபலமாக்கியது. 1995-ல் வந்த சாலிட்வொர்க்ஸ் அதையே சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தது. ஒரு பாகத்தை எந்த வரிசையில் வரைந்தோமோ (வட்டம் போட்டேன், உயர்த்தினேன், துளை போட்டேன், ஓரத்தை மழித்தேன்) அந்த வரிசை முழுக்க திரையின் இடப்பக்கம் பட்டியலாக நிற்கும். நடுவில் ஒரு அளவை மாற்றினால், அதற்குக் கீழே உள்ள எல்லாப் படிகளும் மறுபடி ஓடி புது வடிவம் வரும்.

இரண்டாவது கட்சி, நேரடித் திருத்தக் கட்சி. பட்டியல் எல்லாம் வேண்டாம், எந்த முகத்தை நகர்த்தணுமோ அதைப் பிடித்து இழு, முடிந்தது. இது ரொம்பப் பழைய யோசனைதான். 2007-ல் ஸ்பேஸ்கிளெய்ம், 2008-ல் சீமென்ஸின் சிங்க்ரோனஸ் டெக்னாலஜி என்று வந்தபோது மறுபடி சூடு பிடித்தது. இதில் ஒரு வேடிக்கை: ப்ரோ/இன்ஜினியர் கம்பெனியிலும் சாலிட்வொர்க்ஸிலும் ஆரம்பத்தில் இருந்த மைக் பெய்ன்தான் ஸ்பேஸ்கிளெய்ம் ஆரம்பித்தவர்களிலும் ஒருவர். இப்போது பெரிய மென்பொருள்கள் பலவற்றில் இரண்டு வழியும் இருக்கிறது. சண்டை மட்டும் ஓயவில்லை.

இனி கதைக்கு வருவோம்.

ஒரு பேரிங் ஹவுசிங். முன்னால் 200 மி.மீ. விட்டத்தில் தட்டு மாதிரி ஒரு ஃபிளாஞ்சு, அதன் பின்னால் 110 மி.மீ. விட்டத்தில் குழல். குழலின் மேல் ஒரு சின்ன மேடு, அதற்கு பாஸ் என்று பெயர். அதில் மரை போட்டு பெல்ட் கவரை முடுக்குவார்கள். ஃபிளாஞ்சு விரிசல் விடுகிறது, 16 மி.மீ. பருமனை 18 ஆக்கிக்கொடுங்கள் என்று வாடிக்கையாளர் கேட்டார். மாடலை வரைந்தவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருஷம். அக்கா அந்தப் பழைய ஃபைலைத் திறந்து, அறுபது சொச்சம் படிகள் இருந்த பட்டியலில் 16 இருந்த இடத்தைத் தேடிப் பிடித்து 18 போட்டார். ஓடியது. ஒரு சிவப்புக் குறிகூட வரவில்லை.

அக்கா பொறுப்பானவர். எடையும் சரிபார்த்தார். குழலுக்கு வெளியே இருக்கும் ஃபிளாஞ்சின் பரப்பை 2 மி.மீ.ஆல் பெருக்கி, நான்கு 14 மி.மீ. போல்ட் துளைகளைக் கழித்து, வார்ப்பிரும்பின் அடர்த்தி 7.2 என்று வைத்துக்கொண்டால் சுமார் 307 கிராம் கூடவேண்டும். கூடியிருந்தது. பேட்டர்ன் திருத்தி, நாற்பது காஸ்டிங் ஊற்றி, கடைந்து, அனுப்பியாச்சு.

பத்தாவது நாள் போன். பெல்ட் கவர் உட்காரவில்லை. போல்ட் துளை 2 மி.மீ. தள்ளி இருக்கிறது.

என்ன ஆனதென்றால், பழைய டிசைனர் அந்த பாஸை ஃபிளாஞ்சின் பின்முகத்திலிருந்து 24 மி.மீ. என்று வரைந்திருக்கிறார். ஃபிளாஞ்சு பின்பக்கமாகப் பருத்ததும் பின்முகம் 2 மி.மீ. நகர்ந்தது. கூடவே பாஸும் நகர்ந்துவிட்டது. முன்முகத்திலிருந்து 40-ல் இருந்தது 42-க்குப் போய்விட்டது. வரைபடத்தில் எழுதியிருந்ததோ '24'. மாற்றத்துக்கு முன்னாலும் 24, பின்னாலும் 24! முதல் காஸ்டிங்கை அளந்து பார்த்த இன்ஸ்பெக்‌ஷன் அண்ணனுக்கும் 24 சரியாக இருந்தது. எடையும் சரி, வரைபடமும் சரி, அளவும் சரி. பாகம் மட்டும் தப்பு.

அன்றைக்கு ஆபீஸில் நடந்தது சுமாரான பட்டிமன்றம். "நீ மாத்தினதுதானே நகர்ந்திருக்கு?" என்றார் சித்தப்பா. "நான் பாஸைத் தொடவே இல்லைங்கண்ணா, சாஃப்ட்வேர்தான் நகர்த்துச்சு" என்றார் அக்கா. மென்பொருள் விற்ற ஆளுக்குப் போன் போட்டால், "சார், சொன்னதைத்தான் செஞ்சிருக்கு" என்றார். மூன்று பேர் சொன்னதும் உண்மை. அதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது.

இந்த ட்ரீயை 'ஹிஸ்டரி' என்றும் சொல்கிறார்கள். எனக்கு அதில்தான் முதல் ஆட்சேபம். ஹிஸ்டரி என்றால் நடந்தது அப்படியே இருக்கவேண்டும். கணக்கில் ஒரு பதிவு தப்பானால் அழிக்கமாட்டோம். பிழைத் திருத்தப் பதிவு ஒன்று தனியாகப் போடுவோம். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற தடம் கட்டாயம். அதை அணைத்துவைக்கக்கூட முடியக்கூடாது என்பது விதி. (சித்தப்பாவுடையது தனிநபர் நிறுவனம், அதனால் தப்பித்தார்.) கேட் மாடலில் 16-ஐ 18 ஆக்கினால், அந்தப் பட்டியலில் 16 இருந்ததற்கு அடையாளமே கிடையாது. பழைய ஃபைலைத் தனியாக எடுத்து வைத்தால்தான் உண்டு. ஆக அது வரலாறு இல்லை, சமையல் குறிப்பு. உப்பு ஒரு ஸ்பூன் என்பதை இரண்டாக்கினால் மொத்தச் சமையலும் மறுபடி நடக்கும். குறிப்பை எழுதியவர் மனசில் 'உப்பு கூடினால் புளியும் கூடணும்' என்று இருந்திருந்தால் அதுவும் சேர்ந்து கூடும், நமக்குச் சொல்லாமலேயே.

"அப்போ நேரடியா இழுத்திருந்தா?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பின்முகத்தைப் பிடித்து 2 மி.மீ. இழுத்திருந்தால் பாஸ் அங்கேயே நின்றிருக்கும், டெபிட் நோட் வந்திருக்காது. வெளியிலிருந்து வருகிற ஃபைல்கள் முக்கால்வாசி ஸ்டெப் ஃபைல்கள். 1994-ல் ஐ.எஸ்.ஓ. தரமாக வந்தது. எந்த மென்பொருளிலும் திறக்கும், ஆனால் நடைமுறையில் அதில் வடிவம் மட்டும்தான் வந்து சேரும், சமையல் குறிப்பு வராது. அதை நேரடியாகத்தான் திருத்தியாகணும்.

அதற்காக நேரடிக் கட்சிக்கு ஓட்டுப் போடவும் மனசில்லை. ஒருவேளை அந்த வாடிக்கையாளருக்கு பாஸும் ஃபிளாஞ்சோடு நகரணும் என்று இருந்திருந்தால், இழுத்த அன்றைக்கே தப்பு நடந்திருக்கும், அதுவும் அதே அமைதியோடு. ஒரே பாகத்தை பத்து சைஸில் செய்கிறவர்களுக்கு ட்ரீ இல்லாமல் கதையே நடக்காது. ட்ரீயிலும் வேறு பூதம் இருக்கிறது. மென்பொருள் முகங்களுக்கு உள்ளுக்குள் எண் போட்டு வைத்திருக்கும். ஒரு திருத்தத்தில் எண்கள் இடம் மாறினால், ஆறாம் முகத்தில் ஒட்டியிருந்த துளை வேறு முகத்தில் போய் உட்காரும். இலவச மென்பொருளான ஃப்ரீகேட் பல வருஷம் இதற்காகவே திட்டு வாங்கியது. 2024 நவம்பரில் வந்த 1.0-ல்தான் பெருமளவு சரிசெய்தார்கள்.

சரி, தீர்வு என்ன? இங்கேதான் பி.காம். கைகொடுத்தது. (ஒருமுறையாவது கொடுக்கணுமே!)

இருப்பாய்வு இரண்டு பக்கமும் சமமானால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ஈடுசெய்யும் பிழைகள் என்று ஒரு பாடம் உண்டு. ஒரு இடத்தில் 500 குறைத்து, இன்னொரு இடத்தில் 500 குறைத்தால் டேலி ஆகும், தப்பும் இருக்கும். அக்கா பார்த்த எடை அந்த இருப்பாய்வுதான். பாஸ் நகர்ந்தால் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் அதே அளவு குறையும், எடையில் தெரியவே தெரியாது. பிழையைப் பிடிக்க நாங்கள் செய்வது வேறு: வங்கிச் சரிகட்டும் பட்டியல். நம் புத்தகத்தையும் வங்கியின் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து, இதில் இருந்து அதில் இல்லாதது எது, அதில் இருந்து இதில் இல்லாதது எது என்று இரண்டு திசையிலும் கழிப்பது.

மாடலுக்கும் அதையே செய்யலாமே என்று அக்காவிடம் கேட்டேன். சிரித்தார். "ரெண்டையும் ஒரே இடத்துல வெச்சு கழிக்கறதுதானே, அஞ்சு நிமிஷம்" என்றார். பழையதையும் புதியதையும் ஒரே ஆரம்பப் புள்ளியில் பொருத்தினார். முதலில் புதியதிலிருந்து பழையதைக் கழித்தார். 2 மி.மீ. கனத்தில் ஒரு வளையம் மிஞ்சியது. கேட்டது அதுதான். கூடவே பாஸ் ஓரத்தில் பிறைநிலா மாதிரி துண்டுகள். அடுத்து பழையதிலிருந்து புதியதைக் கழித்தார். ஃபிளாஞ்சைப் பருமனாக்கத்தானே சொன்னார்கள், எங்கேயும் குறைக்கச் சொல்லவில்லையே? ஆக ஒன்றுமே மிஞ்சக்கூடாது. மிஞ்சியது, பாஸின் மறுபக்கப் பிறைகள்.

அக்கா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது எனக்குத் தெரியாத கமாண்ட் இல்லடா. இப்படி யூஸ் பண்ணணும்னு தோணலை" என்றார்.

என் கருத்து இதுதான். எந்தக் கட்சி மென்பொருளில் திருத்தினாலும், திருத்திய மாடல் பணம் செலவாகிற இடத்துக்கு, அதாவது பேட்டர்னுக்கோ மெஷினுக்கோ போகுமுன், இரண்டு பக்கமும் கழித்துப் பார்க்காமல் போகவே கூடாது. மிஞ்சுகிற ஒவ்வொரு துண்டுக்கும் 'இது யார் கேட்டது?' என்று ஒரு பதில் வேண்டும். பாஸ் நகர்ந்தது சரியா தப்பா என்பதைக் கழித்தல் சொல்லாது. ஆனால் வாடிக்கையாளரிடம் கேட்கவேண்டிய கேள்வியை அது எடுத்துக் கொடுக்கும். கேள்வி முன்னாலேயே வந்திருந்தால் ஒரு போன் காலோடு போயிருக்கும்.

இன்னொன்று, திருத்தியவரே கழித்துப் பார்க்கக்கூடாது. காசு வாங்குகிறவரே கணக்கும் எழுதக்கூடாது என்று ஆடிட்டிங் வகுப்பில் படிக்கிறோமே, அதே காரணம். திருத்தியவர் கண்ணுக்கு, தான் மாற்றிய இடம்தான் தெரியும். "அப்படின்னா என்னை நம்பலையா?" என்று அக்கா கேட்டபோது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. கேஷியரை நம்பாததால் யாரும் வவுச்சர் பார்ப்பதில்லை என்றேன். சமாதானம் ஆனாரா தெரியவில்லை.

மெக்கானிக்கல் படிக்கும் நண்பர்கள் இரண்டு பேரிடம் விசாரித்தேன். லேபில் காலி திரையில் ஆரம்பித்து, கொடுத்த படத்தைப் பார்த்து வரைந்தால் மார்க்காம். வேறொருவர் வரைந்த மாடலைக் கொடுத்து, ஒரு அளவை மாற்றி, வேறு எதுவும் மாறவில்லை என்று நிரூபிக்கச் சொல்லி அவர்களுக்குத் தேர்வு வைத்ததில்லை. சித்தப்பா பட்டறையில் வருகிற வேலையோ பாதிக்கு மேல் அதுதான். இதைப் படிக்கும் மெக்கானிக்கல் மக்கள் யாராவது உங்கள் காலேஜில் அப்படி உண்டு என்றால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், சந்தோஷமாகத் திருத்திக்கொள்கிறேன். (திருத்தப் பதிவுதான், அழிக்கமாட்டேன் :-) )

டெபிட் நோட்டில் பாதியை வாடிக்கையாளர் விட்டுக்கொடுத்தார், கவரில் துளையை நீளமாக்கிச் சமாளித்துவிட்டார்கள். மீதி 9,200-ஐ எந்தத் தலைப்பில் போடுவது என்று சித்தப்பாவிடம் கேட்டேன். "டிசைன் செலவுன்னு போடு" என்றார். அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு 'மறுவேலைச் செலவு' என்று போட்டேன். இப்போது ஜாப் கார்டில் 'கழித்துப் பார்த்தது யார்' என்று ஒரு வரி பேனாவால் எழுதியிருக்கிறார்கள். போன சனிக்கிழமை அதில் என் கையெழுத்து.

அடுத்த வாரம் செமஸ்டர். காஸ்டிங் வேறு, காஸ்ட்டிங் வேறு என்று எங்கள் மேடம் ஞாபகப்படுத்திவிட்டார், படிக்கப் போகிறேன்.