மெதுவாய்ப் போகவும் வண்டி வேண்டும்

அறுவடைக் காலத்தில் மன்னார்குடி – திருவாரூர் சாலையில் கூத்தாநல்லூரைக் கடந்தவர்க்குத் தெரியும்: பாதிச் சாலையில் நெல் காயும்; மீதியில் நாம் நத்தையாய் ஊரவேண்டும். சென்ற ஆண்டு என் மாமாவின் பழைய புல்லட் அப்படி ஊர்கையில் உதறி நின்றது. பின்னால் இருந்த பாட்டி நெல்லின்மேல் சாய்ந்தார்கள். நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று.

நம் மாணவ நண்பர்கள் வண்டியில் செய்யும் மாற்றமோ சைலன்ஸரோடு முடிகிறது. ஓசை பெருகியதன்றி வேறென்ன கண்டோம்? கியர்பெட்டிப் பக்கத்துச் சிறு ஸ்பிராக்கெட்டில் 18 பல் இருந்தால், 17 பல் உள்ளதைப் போட்டுப் பாருங்கள். பின்சக்கரத்தில் இழுவை ஏறக்குறைய 6 விழுக்காடு கூடும். வேகம் ஏறக்குறைய அவ்வளவே குறையும். கிளட்சை அரைகுறையாய்ப் பிடித்துத் தகடுகளைத் தேய்ப்பது மிச்சம். நெடுஞ்சாலையில் எஞ்சின் சற்று அதிகமாய்க் கத்தும், பெட்ரோலும் கூடுதலாய்க் குடிக்கும். மறைப்பதற்கில்லை.

ஹாண்டில்பாரையும் அகலமாக்கலாமே என்பார்கள். திருப்ப எளிதுதான். ஆனால் பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. எதற்கும் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டபின் ஸ்பானரை எடுப்போம்.

மாமா கேட்டுத்தான் ஸ்பிராக்கெட்டை மாற்றினார். பாட்டிதான் இன்னும் ஏற மறுக்கிறார்கள்.