வாயிற்காவலன் கடமை

கோவலனை இழந்த கண்ணகி பாண்டியன் அரண்மனையை அடைந்தபோது, முதலில் அவளை எதிர்ப்பட்டவன் வாயிற்காவலன். அவன் அரசனுக்கு அறிவித்த பின்னரே அவளுக்கு வழி கிடைத்தது. இணையச் செயலிகளிலும் இத்தகைய காவலன் ஒருவன் உளன். மிடில்வேர் என வழங்கும் இடைநிரலே அவன். உலாவி விடுக்கும் வேண்டுகோள் உரிய பக்கத்தை அடையுமுன் அவனைக் கடந்தே செல்லவேண்டும். ஜாங்கோ முதலிய சட்டகங்களில் நாமே அவனை எழுதி அமர்த்தலாம். பக்கம் இடம் பெயர்ந்திருப்பின், வந்தாரைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடுதல் அவன் தொழில்களுள் ஒன்று.

இதனை எழுதப் பத்து வரிகள் போதும். அவ்வெளிமையே இடருக்கு வித்தாகின்றது என்பது என் துணிபு. யான் முதன்முதல் எழுதிய நிரல், உள்நுழையாதார் அனைவரையும் உள்நுழைவுப் பக்கத்திற்குத் திருப்பிற்று. அப்பக்கத்தை நாடி வந்தாரையும் மீண்டும் அங்கேயே திருப்பிற்று! விலக்கு ஒன்று வகுக்க மறந்தமையால், உலாவி சுழன்று சுழன்று ஓய்ந்தது.

சொல்லும் எண்ணிலும் கருத்து வேண்டும். 301 என்பது நிலையான மாற்றம். 302 என்பது தற்காலிகமானது. முன்னதை உலாவி நினைவில் இருத்திக்கொள்ளுமாதலின், பின்னர் நாம் பிழை திருத்தினும் அது பழைய வழியே செல்லக்கூடும். இவ்விரண்டாலும் படிவத்தில் நிரப்பி அனுப்பிய செய்தி இடையில் தொலைதலும் உண்டு. 307, 308 என்பன அதனைக் காக்கும். இனி, வருபவர் தரும் முகவரியை ஆராயாது நம்பித் திருப்பும் காவலன், வஞ்சகர்க்குக் கருவியாவான். நம் தளத்திற்கு உட்பட்ட முகவரிகளுக்கே அவன் வழிகாட்டல் வேண்டும்.

‘இத்துணைத் தொல்லை எதற்கு? பழைய முகவரிகளை அழித்துவிட்டால் என்ன?’ என்பர் சிலர். யான் அதற்கு உடன்படேன். இணையவலையைத் தோற்றுவித்த டிம் பெர்னர்ஸ்-லீ, நல்ல முகவரிகள் மாறலாகா என்று 1998ஆம் ஆண்டிலேயே எழுதினார். என்றோ குறித்துவைத்த முகவரியைக்கொண்டு பல்லாண்டு கழித்து ஒருவர் வரலாம். அவருக்கு நாம் காட்டுவது 404 என்னும் அடைத்த கதவோ, சென்று சேரும் வழியோ? முகவரியை ஒருகால் உலகிற்கு அளித்தோமாயின், அது நாம் கொடுத்த வாக்காகும்.

ஆதலின், நிரல் பயிலும் தோழர்காள்! காவலனைச் சிறியனாக எழுதுமின். அவன் திருப்பும் ஒவ்வொரு வழியையும் நீவிரே ஒருமுறை நடந்து பார்மின். அதன் பின்னரே அவனை வாயிலில் நிறுத்துமின்.