அடுத்தவர் அடைத்த தோட்டா!

புரூஸ் லீயின் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. குங்பூ சண்டையில் உலகப் புகழ் பெற்ற நடிகர். அவருக்கு ஒரே மகன். பெயர் பிராண்டன் லீ. அவரும் நடிகர்தான்.

1993-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் வில்மிங்டன் என்ற ஊரில், "தி குரோ" என்ற படத்தின் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. காட்சிப்படி ஒரு நடிகர் பிராண்டனை நோக்கிச் சுட்டார். பிராண்டன் கீழே விழுந்தார். நடிப்பு என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

அவர் எழுந்திருக்கவில்லை!

வயிற்றில் குண்டு பாய்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் பல மணி நேரம் ஆபரேஷன் நடந்தது. பலன் இல்லை. அப்போது அவருக்கு வயது 28.

சுட்டவருக்கு எந்தப் பகையும் கிடையாது. துப்பாக்கியில் இருந்ததும் வெறும் சத்தம் மட்டும் போடும் வெற்றுத் தோட்டா. பிறகு குண்டு எங்கிருந்து வந்தது?

பொம்மைத் தோட்டா

இதைப் புரிந்துகொள்ள, தோட்டா என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம்.

தோட்டாவில் நான்கு பொருள்கள் உண்டு. பித்தளைக் கூடு ஒன்று. அதற்குள் வெடிமருந்து. கூட்டின் வாயில் செருகிய குண்டு. கூட்டின் அடியில், தீபாவளிப் பொட்டு வெடி மாதிரி ஒரு சிறு கிண்ணி. இதற்கு "பிரைமர்" என்று பெயர். விசையை இழுத்தால் பிரைமரில் அடி விழும். அது பொறி கக்கும். மருந்து பற்றிக்கொள்ளும். குண்டு பறக்கும்.

ரிவால்வரை மிக அருகில் படம் எடுக்கும்போது, உள்ளே தோட்டா இருப்பது ரசிகர்களுக்குத் தெரியவேண்டும். அதற்காகப் பொம்மைத் தோட்டா வைப்பார்கள். அந்தப் படக் குழுவினர் பொம்மைத் தோட்டாவைத் தாங்களே செய்தார்கள். நிஜத் தோட்டாவை வாங்கி, குண்டைப் பிடுங்கி, மருந்தைக் கொட்டிவிட்டு, மறுபடியும் குண்டைச் செருகினார்கள். ஆனால் அடியில் இருந்த பிரைமரை மறந்துவிட்டார்கள்!

எப்போதோ ஒரு தடவை விசை இழுபட்டிருக்கிறது. மருந்து இல்லாவிட்டாலும் பிரைமர் வெடித்தது. அந்தச் சிறு வேகத்தில் குண்டு கூட்டைவிட்டுக் கிளம்பி, துப்பாக்கிக் குழலுக்குள் பாதி வழியில் சிக்கிக்கொண்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. பிறகு அதே துப்பாக்கியில் வெற்றுத் தோட்டாவைப் போட்டுச் சுட்டார்கள். வெற்றுத் தோட்டாவில் குண்டு கிடையாது, மருந்து உண்டு. அந்த மருந்து, குழலில் காத்திருந்த குண்டை வெளியே தள்ளியது.

மேஜை மேல் தொழிற்சாலை

பிராண்டன் லீ சினிமா நடிகர். அதனால் அவர் கதை உலகத்துக்குத் தெரிந்தது. ஆனால் அமெரிக்காவில் சாதாரணக் குடும்பங்களுக்கும் இந்த ஆபத்து இருக்கிறது.

அங்கே வீட்டிலேயே தோட்டா தயாரிப்பது பெரிய பொழுதுபோக்கு. நம்மவர்கள் வீட்டில் வடாம் பிழிவது போல, அவர்கள் விடுமுறை நாளில் மேஜையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி எடுத்து வருவார்கள். தோட்டாவில் விலை கூடிய பகுதி அந்தக் கூடுதான். அதைப் பல தடவை பயன்படுத்தலாம். பழைய பிரைமரைத் தட்டி எடுத்துவிட்டு, கூட்டை அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்து, புதுப் பிரைமர் பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைச் செருகிவிட்டால் தோட்டா தயார். காசு மிச்சம். 2020-ல் கொரோனா காலத்தில் கடைகளில் தோட்டாவுக்குப் பஞ்சம் வந்தபோது, இந்த வழக்கத்தில் புதிதாக இறங்கியவர்களும் உண்டு.

அமெரிக்கச் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கு இப்படிச் செய்ய மத்திய அரசின் லைசென்ஸ் தேவை இல்லை. விற்கும் தொழிலில் இறங்கினால்தான் தேவை. (நம் நாட்டில் இந்தக் கதையே நடக்காது. லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.)

தன் கையால் செய்ததைத் தானே சுடுகிறவரைப் பற்றிக் கவலை இல்லை. என்ன மருந்து, எவ்வளவு என்பது அவருக்குத் தெரியும். அவர் ஒரு டப்பாவை நண்பருக்குக் கொடுக்கும்போதுதான் வம்பு ஆரம்பமாகிறது. "இந்தா, நானே செய்தது. எடுத்துக்கொள்" என்பார். ஊறுகாய் கொடுப்பது போலத்தான்! வாங்குகிறவர் எப்படி மறுப்பார்?

மூன்றில் ஒரு பங்கு கிராம்

சாதாரணக் கைத்துப்பாக்கித் தோட்டா ஒன்றுக்குத் தேவையான மருந்து எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 5 கிரெயின். அதாவது ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு. குண்டுமணிக் கணக்கில் சொன்னால், மூன்று குண்டுமணி எடைகூட வராது.

இந்தத் துளி மருந்து எரியும்போது உண்டாகும் அழுத்தத்தைப் பாருங்கள். சமையலறையில் பிரஷர் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே இருப்பது, சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு. 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தயாரிப்பாளர் சங்கம் வகுத்திருக்கும் உச்சவரம்பு 35,000 பவுண்டு! இது நடப்பது முகத்துக்கு நேரே, ஒன்றரை முழ தூரத்தில்.

மருந்து போடும் நேரத்தில் டெலிபோன் மணி அடிக்கிறது. எழுந்து போய்ப் பேசிவிட்டு வருகிறார். இந்தக் கூட்டில் மருந்து போட்டோமா, இல்லையா? சந்தேகத்தில் இன்னொரு தடவை போட்டுவிட்டால் இரட்டை மருந்து. துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். ".38 ஸ்பெஷல்" என்ற ரிவால்வர் தோட்டா கரும்புகை மருந்துக் காலத்துக் கூட்டை ஒட்டி வந்தது. அதனால் கூடு பெரிது. இப்போதைய மருந்து அதன் அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். இரண்டு பங்கு போட்டாலும் வழியாது. குண்டைச் செருகி மூடிவிட்டால் வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது.

மருந்தே போடாமல் விட்டாலோ? பிராண்டன் லீ கதைதான். குண்டு குழலில் நிற்கும். "டப்" என்று மெல்லிய சத்தம் மட்டும் கேட்கும். அதைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் பிளந்துவிடும்.

எல்லாம் சரியாகச் செய்த தோட்டாவும் ஆளைக் கொல்லலாம் என்பதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. ".45-70" என்று ஒரு ரைபிள் தோட்டா உண்டு. 1873-ல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்தது. அந்தப் பழைய துப்பாக்கிகள் இன்றும் பலர் வீட்டில் இருக்கின்றன. இதே தோட்டாவைச் சுடும் புதிய, உறுதியான துப்பாக்கிகளும் கடையில் கிடைக்கின்றன. ஆகவே மருந்து அளவு சொல்லும் கையேடுகளில் இந்த ஒரு தோட்டாவுக்குத் தனித்தனிப் பட்டியல்கள் இருக்கும். பழைய துப்பாக்கிக்கு ஒன்று, புதியவற்றுக்கு வேறு. நண்பர் தன் புதுத் துப்பாக்கிக்காகச் செய்தது, தாத்தா விட்டுச்சென்ற துப்பாக்கியிலும் அழகாகப் பொருந்தும். விசையை இழுத்த பிறகுதான் தெரியும்!

அமெரிக்க ராணுவமே செய்த தந்திரம்

யார் கை பட்டது என்று தெரியாத தோட்டா எவ்வளவு பயங்கரமானது என்பது அமெரிக்க ராணுவத்துக்கு நன்றாகத் தெரியும். 1960-களின் இறுதியில், வியட்நாம் போரில் இதையே ஆயுதமாக்கியது. "எல்டஸ்ட் சன்", அதாவது "மூத்த மகன்" என்பது அந்த ரகசியத் திட்டத்தின் பெயர். எதிரிகளின் ஏ.கே.47 தோட்டாவைப் பிரித்து, சாதாரண மருந்துக்குப் பதில் கடும் வெடிபொருளை அடைத்தார்கள். அதை எதிரியின் தோட்டாக் குவியலில் நூற்றோடு ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். சுட்டவன் முகத்திலேயே துப்பாக்கி வெடித்தது. சிலரைக் கொல்வது மட்டும் நோக்கம் அல்ல. தன் தோட்டாவை நம்பமுடியாமல் எதிரி திண்டாட வேண்டும்!

2021-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி, நியூ மெக்சிகோவில் "ரஸ்ட்" படப்பிடிப்பில் நடந்ததும் இந்த ரகம்தான். ஆனால் அது சதி அல்ல, அலட்சியம். நடிகர் அலெக் பால்ட்வின் கையில் இருந்த ரிவால்வர் வெடித்து, ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸ் என்ற பெண்மணி இறந்தார். பொம்மைத் தோட்டாக்களோடு நிஜத் தோட்டாவும் கலந்திருந்தது. பொம்மைத் தோட்டாவுக்குள் சிறு உருண்டை போட்டிருப்பார்கள். காதருகே வைத்துக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரும். ஒவ்வொன்றையும் குலுக்கிப் பார்த்திருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும். படத்தில் துப்பாக்கிகளுக்குப் பொறுப்பாக இருந்த பெண்ணுக்கு 2024 ஏப்ரலில் 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. பால்ட்வின் மீதான வழக்கு அதே ஆண்டு ஜூலையில் தள்ளுபடியானது.

அப்பாவின் டப்பாக்கள்

"தொழிற்சாலையில் மட்டும் தவறு நடக்காதா?" என்று கேட்கலாம். நடக்கும். ஆனால் அந்தப் பெட்டியின் மேல் வரிசை எண் இருக்கிறது. தவறு தெரிந்ததும், "இந்த எண்ணுள்ள பெட்டிகளைத் திருப்பிக் கொடுங்கள்" என்று கம்பெனி அறிவிக்கும். வீட்டு டப்பாவுக்கு எண் ஏது? செய்தவர் எழுதி ஒட்டிய துண்டுச் சீட்டுத்தான் உண்டு. பல சமயம் அதுவும் இருக்காது. இதனால்தான் பல துப்பாக்கிக் கம்பெனிகள், "வீட்டுத் தோட்டாவைச் சுட்டுத் துப்பாக்கி உடைந்தால் நாங்கள் பொறுப்பல்ல" என்று கையேட்டிலேயே அச்சடித்துவிடுகின்றன.

மிகவும் சங்கடமான நிலை, குடும்பத் தலைவர் இறந்தபின் வருகிறது. பின்கட்டு அறையில் டப்பா டப்பாவாகத் தோட்டாக்கள். அப்பா வருஷக்கணக்கில் உட்கார்ந்து செய்தவை. மகனுக்குச் சுட ஆசை. மனைவிக்கு விற்றால் பணம் கிடைக்கும் என்ற எண்ணம். அனுபவசாலிகளைக் கேட்டால், இரண்டும் வேண்டாம் என்றே பெரும்பாலும் சொல்வார்கள். அப்பா கைசுத்தக்காரராக இருக்கலாம். ஆனால் கடைசிக் காலத்தில் அவருக்குக் கண் எப்படி இருந்தது? ஞாபகம் எப்படி இருந்தது?

அவர்கள் சொல்லும் வழி ஒன்று உண்டு. தோட்டாவைப் பிரிப்பதற்கென்றே சுத்தியல் போன்ற ஒரு கருவி விற்கிறது. தோட்டாவை அதன் தலையில் மாட்டி, கெட்டியான தரையில் ஓங்கித் தட்டினால் குண்டு கழன்று விழும். அப்படி ஒவ்வொன்றாகப் பிரித்து, குண்டையும் பித்தளைக் கூட்டையும் வைத்துக்கொள்ளலாம். மருந்தைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. அது எந்த மருந்து என்று யாருக்கும் தெரியாது. அதைத் தோட்டத்துப் புல்லில் தூவிவிடுகிறவர்களும் உண்டு.