தீப்பிடிக்காத கூரை

நம் காலனி வீடுகளுக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வந்தபோது நாம் சந்தோஷப்பட்டோம். அதில் தவறில்லை. கீற்றுக் குடிசைக்கு ஒரு தீக்குச்சி போதும் என்பதை நம் சனங்களைவிட அறிந்தவர் யார்? 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். கொளுத்தினாலும் பற்றாத கூரை, கைக்காசுக்குள் அடங்கும் கூரை என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

ஆனால் அந்த ஷீட் வெறும் சிமெண்ட் அல்ல. சுமார் பத்தில் ஒரு பங்கு கல்நார். பூமியில் வெட்டியெடுக்கும் இந்தக் கல் பஞ்சுபோல நூல் நூலாகப் பிரியும். கண்ணுக்குத் தெரியாத அந்த நூல் மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் அங்கேயே தங்கிவிடும். இருபது, முப்பது வருடம் கழித்துத்தான் மூச்சுத்திணறலாகவோ புற்றுநோயாகவோ வெளியே தெரியும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் கல்நார் நூற்ற நெல்லி கெர்ஷா என்ற தொழிலாளி 1924இல் 33 வயதில் இறந்தார். கம்பெனி நஷ்டஈடு தரவில்லை. மருத்துவர்கள் விடாமல் எழுதியதால் 1931இல் அங்கே ஆலைத் தூசியைக் கட்டுப்படுத்த விதிகள் வந்தன. அந்த விதிகள் இங்கிலாந்து ஆலைகளுக்கு மட்டும்தான். அந்நாட்டுக் கம்பெனி நடத்திய தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் கறுப்பினப் பெண்கள் சுத்தியலால் கல்லை உடைத்து நாரைப் பிரித்தார்கள். சாக்குக்குள் இறங்கிக் குழந்தைகள் நாரை மிதித்து அமுக்கினார்கள். சுரங்க வேலைக்கே போகாமல் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கும் புற்றுநோய் வருவதை 1960இல் மருத்துவர் வாக்னரும் உடன் ஆய்ந்தவர்களும் எழுதிக் காட்டினார்கள். பாதிக்கப்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் லண்டனிலேயே வழக்கு நடத்தலாம் என்று தீர்ப்பு வந்தது 2000இல்! யாருடைய நுரையீரல் மலிவு என்ற கணக்கு நமக்குப் பழக்கமானதுதான்.

இங்கிலாந்து 1999இலும் தென்னாப்பிரிக்கா 2008இலும் கல்நாரைத் தடை செய்தன. இந்தியாவோ ரஷ்யா போன்ற நாடுகளிலிருந்து வாங்கி ஷீட் செய்கிறது. கல்நார் ஆலைத் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை 40 ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் தினக்கூலிக்கு வந்து ஷீட்டை அறுத்து, ஓட்டை போட்டு மாட்டும் நம் வீட்டுப் பையனுக்கு எந்தப் பதிவேடு?

தலைக்கு மேல் உடையாமல் கிடக்கும் ஷீட்டைப் பார்த்து இன்று ராத்திரி யாரும் தூக்கம் கெட வேண்டாம். அறுக்கும்போதும், துளைக்கும்போதும், தேய்த்துக் கழுவும்போதும், உடைந்து நொறுங்கும்போதும்தான் ஆபத்து. கட்டிங் மெஷினால் காய்ந்த ஷீட்டை அறுக்கவே கூடாது. வேறு வழியில்லாமல் கழற்றினால் நன்றாக நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்க வேண்டும். தூளைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். வாயில் கட்டும் துண்டு இந்தத் தூசியைத் தடுக்காது.

2018 கஜா புயலில் டெல்டாவில் எத்தனை கூரைகள் பறந்தன! உடைந்த ஷீட்டுகளை நம் தூய்மைப் பணியாளர்கள்தான் வெறுங்கையால் அள்ளினார்கள். சில இடங்களில் அதையே காலனிச் சேற்றுப் பாதையில் கொட்டி மேடாக்கினார்கள். நம் பிள்ளைகள் அதன்மேல்தான் நடந்தார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை நிரந்தரக் கூரை வகையில் வருகிறது. கீற்று என்றால் குடிசை, ஷீட் என்றால் நல்ல வீடு! காங்கிரீட் வீடு கேட்டுப் போனால் 'உனக்குத்தான் கூரை இருக்கிறதே' என்கிறார்கள். இந்தக் கணக்கு மாற வேண்டும். கல்நார்க் கூரை வீடுகளையும் குடிசைகளோடு சேர்த்து அரசு பட்டியல் எடுக்க வேண்டும். கழற்றும் செலவையும், உடைந்ததைப் பத்திரமாக அப்புறப்படுத்தும் பொறுப்பையும் அரசே ஏற்க வேண்டும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக எழுதச் சொல்வோம். படிக்கும் பிள்ளைகள் அதற்கு முன்பே தெருத்தெருவாகப் போய், எத்தனை ஷீட் வீடு, எத்தனை வருடப் பழசு, எதில் விரிசல் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் கூட்டத்தில் பேச வசதியாக இருக்கும்.